இளையோர் ஒலிம்பிக் தடகளம்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படும் கோடைக்கால இளையோர் ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஓட்டம், தடை ஓட்டம், நடை, தாண்டுதல், எறிதல் ஆகியவை அடங்கிய பிரிவே இளையோர் ஒலிம்பிக் தடகளம். போட்டி நடக்கும் ஆண்டில் 16 அல்லது 17 வயதை எட்டுபவர்களுக்கானதாக இது தொடங்கியது. சிங்கப்பூர் (2010), நான்ஜிங் (2014), புவெனஸ் ஐரிஸ் (2018) என மூன்று நகரங்களில் நடந்தது. நான்காவது போட்டி செனகல் நாட்டின் டக்கார் நகருக்கு ஒதுக்கப்பட்டது. முதல் மூன்று போட்டிகளிலும் சேர்த்து இந்தியா தடகளத்தில் வென்றவை மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். அந்த வெண்கலம் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த மும்முறை தாண்டுதல் வீரர் பிரவீன் சித்திரவேலுடையது.

முன்னோடிகள்

இளையோருக்கென்று பல விளையாட்டுகள் சேர்ந்த பன்னாட்டுப் போட்டி நடத்தும் எண்ணம் சிங்கப்பூரில் பிறந்ததன்று. ஐரோப்பிய நாடுகள் 1991-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் இளையோர் ஒலிம்பிக் விழாவைத் தொடங்கின. 1998-ல் மாஸ்கோவில் உலக இளையோர் விளையாட்டுகள் நடந்தன. தடகளத்துக்கு மட்டுமான உலக இளையோர் சாம்பியன்ஷிப் 1999-ல் போலந்தின் பிட்கோஷ் நகரில் தொடங்கி, 2017 நைரோபி போட்டியோடு நிறுத்தப்பட்டது. காமன்வெல்த் நாடுகள் 2000-ல் எடின்பரோவிலும் 2004-ல் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவிலும் இளையோர் போட்டிகளை நடத்தின.

இந்த வரிசையில் இந்தியாவுக்கு முக்கியமானது 2008 அக்டோபர் 12 முதல் 18 வரை புனேயில் நடந்த மூன்றாவது காமன்வெல்த் இளையோர் விளையாட்டுகள். பாலேவாடியில் உள்ள சிவ சத்ரபதி விளையாட்டு வளாகம்தான் களம். அங்கே 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் கிரெனடா என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் கிரானி ஜேம்ஸ். நான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் 43.94 விநாடியில் ஓடி, தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுபோனவரும் அவர்தான். இளையோர் போட்டியில் யார் ஓடுகிறார்கள் என்று பார்க்க ஏன் மைதானத்துக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, புனேக்காரர்கள் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

ரோக்கின் திட்டம்

பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த பெல்ஜியத்தின் ஜாக் ரோக், தொழிலால் எலும்பு அறுவை மருத்துவர். பாய்மரப் படகோட்டியாக மூன்று ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். இளையோர் ஒலிம்பிக் அவர் முன்னின்று கொண்டுவந்த திட்டம். 2007 ஜூலையில் கௌதமாலா நகரில் கூடிய ஒலிம்பிக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. 2008 பிப்ரவரியில் மாஸ்கோவை வாக்கெடுப்பில் வென்று சிங்கப்பூர் முதல் போட்டியைப் பெற்றது.

எதிர்ப்பும் இருந்தது. வளரும் பிள்ளைகளை ஒலிம்பிக் என்ற பெயரின் சுமைக்குக் கீழே நிறுத்தலாமா, பயிற்சியாளர்களும் பெற்றோரும் பதினான்கு வயதிலேயே பதக்கத்துக்காக அவர்களை வாட்ட மாட்டார்களா என்ற கேள்விகள் எழுந்தன. நியாயமான கேள்விகள்தான். போட்டியோடு கல்வி, பண்பாட்டு நிகழ்ச்சிகளைக் கட்டாயமாக்கியதும், தங்கள் போட்டி முடிந்தவுடன் ஊர் திரும்பாமல் வீரர்கள் விளையாட்டுக் கிராமத்தில் தங்கியிருக்க வேண்டும் என்று வைத்ததும் இந்தக் கவலைக்குப் பதிலாகத்தான். ஆனால் உண்மையான பதில் தடகளக் களத்தின் உள்ளேயே இருந்தது. போட்டியை எப்படி நடத்துவது என்பதையே மாற்றிப் பார்த்தார்கள். இந்தப் போட்டியின் வரலாறு பெரும்பாலும் அந்த மாற்றங்களின் வரலாறு.

சிங்கப்பூர், 2010

ஆகஸ்ட் 14 முதல் 26 வரை நடந்த முதல் போட்டியில் 26 விளையாட்டுகள். 200-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 3,600 பேர் வந்தார்கள். தடகளம் பிஷான் மைதானத்தில் நடந்தது. பையன்களுக்கு 18, பெண்களுக்கு 18 என மொத்தம் 36 போட்டிகள். பெரியவர்களுக்கான 800, 1500, 5000 மீட்டருக்குப் பதில் 1000 மீட்டரும் 3000 மீட்டரும், 3000 மீட்டர் தடைதாண்டும் நெடுஓட்டத்துக்குப் பதில் 2000 மீட்டரும் வைக்கப்பட்டன. எறிகருவிகளின் எடையும் வயதுக்கேற்றதுதான். பெரிய ஆண்கள் வீசும் இரும்புக் குண்டு 7.26 கிலோ; இந்த வயதுப் பையன்களுக்கு 5 கிலோ. வட்டு 2 கிலோவுக்குப் பதில் ஒன்றரைக் கிலோ. ஈட்டி 800 கிராமுக்குப் பதில் 700. இளையோர் சாதனையைப் பெரியவர்கள் சாதனையோடு நேராக ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். நம் செய்தித்தாள்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

சிங்கப்பூரின் முக்கியமான புதுமை, இறுதிப் போட்டியை ஏ, பி, சி, டி என்று அடுக்கியது. வழக்கமான போட்டியில் தகுதிச் சுற்றில் பின்தங்கியவர் அன்றே பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இங்கே அவரும் தன் தரத்துக்கு ஒத்தவர்களோடு இன்னொரு முறை ஓடினார், இன்னொரு முறை எறிந்தார். பதக்கம் என்னவோ ஏ இறுதிக்கு மட்டும்தான். என்றாலும் ஒரு மாலத்தீவுப் பையனோ நேபாளத்துப் பெண்ணோ கண்டம் கடந்து வந்து பத்துச் சொச்ச விநாடியில் எல்லாம் முடிந்துபோய்த் திரும்ப வேண்டியதில்லை. தொடர் ஓட்டத்திலும் நாட்டுக் கொடி இல்லை. ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்று கண்டங்களின் பெயரில் அணிகள் அமைத்து, 100, 200, 300, 400 மீட்டர் என்று தூரம் கூடிக்கொண்டே போகும் கலப்புத் தொடர் ஓட்டம் நடந்தது.

இந்தியா அந்த ஆண்டு ஆறு வெள்ளியும் இரண்டு வெண்கலமும் பெற்றது, தங்கம் இல்லை. வெள்ளிகளில் இரண்டு தடகளத்தில் வந்தவை. வட்டெறிதலில் அர்ஜுன், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் துர்கேஷ் குமார். பையன்கள் 100 மீட்டரில் ஜமைக்காவின் ஒடீன் ஸ்கீன் வென்றார். 400 மீட்டரில் வென்றவர் டொமினிக்கன் குடியரசின் லுகெலின் சாந்தோஸ். 2012 லண்டன் இறுதியில் கிரானி ஜேம்ஸுக்கு அடுத்ததாக வந்து வெள்ளி பெற்றவரும் இவரே. புனேயில் வென்றவரும் சிங்கப்பூரில் வென்றவரும் லண்டனில் ஒன்றும் இரண்டுமாக வந்ததை இளையோர் போட்டிகளின் வெற்றிக்குச் சான்றாகப் பலரும் அன்று எடுத்துக்காட்டினார்கள். அந்தச் சான்றின் ஒரு பாதி பின்னால் என்ன ஆயிற்று என்பது கீழே வருகிறது.

நான்ஜிங், 2014

சீனாவின் நான்ஜிங்கில் 800, 1500 மீட்டர்கள் திரும்பவும் சேர்க்கப்பட்டன. கண்டங்களின் தொடர் ஓட்டம் போய், எட்டுப் பேர் ஓடும் 8×100 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம் வந்தது. நான்கு பையன்கள், நான்கு பெண்கள். எட்டுப் பேரும் வெவ்வேறு நாட்டவராகவும் வெவ்வேறு போட்டிகளிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். குண்டெறிபவர் கையிலிருந்து உயரம் தாண்டுபவர் தடியை வாங்கி ஓடினார். வேகத்துக்காக அல்லாமல் ஒருவரையொருவர் அறிவதற்காக வைத்த ஓட்டம் அது. 200 மீட்டரில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ் தங்கம் வென்றார். பத்து ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் 100 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியனாக நின்றதும் இவர்தான். இந்தியாவுக்குத் தடகளத்தில் பதக்கம் ஏதும் கிடைக்கவில்லை. எல்லா விளையாட்டிலும் சேர்த்தே ஒரு வெள்ளி, ஒரு வெண்கலத்தோடு அணி திரும்பியது.

புவெனஸ் ஐரிஸ், 2018

அர்ஜென்டினாவின் தலைநகரில் அக்டோபர் 2018-ல் நடந்த போட்டி, ஆண் பெண் எண்ணிக்கை சமமாக அமைந்த முதல் ஒலிம்பிக் நிகழ்வு. தடகளத்தில் இங்கே வந்த மாற்றம் முன்னிரண்டையும் விடப் பெரியது. இறுதிப் போட்டி என்பதையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் இரண்டு நாள்களில் இரண்டு கட்டமாகப் போட்டியிட வேண்டும். இரண்டின் நேரமோ தூரமோ கூட்டப்படும். கூட்டுத்தொகையில் முந்தியவருக்குப் பதக்கம். 1500, 3000 மீட்டர், 2000 மீட்டர் தடைதாண்டும் நெடுஓட்டம் ஆகியவற்றில் ஓடுபவர்களுக்கு முதல் கட்டம் தடத்தில்; இரண்டாம் கட்டம் எல்லோரும் சேர்ந்து ஓடும் குறுக்குநாட்டு ஓட்டம்.

இந்த முறை என்ன செய்தது என்பதை அறிய, பையன்களுக்கான 5000 மீட்டர் நடையைப் பார்த்தால் போதும். 400 மீட்டர் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்; முன்கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும் வரை முழங்கால் மடங்கக் கூடாது. சுற்றிலும் நடுவர்கள் கண் கொட்டாமல் நிற்பார்கள். முதல் கட்டத்தில் ஈக்குவடாரின் ஆஸ்கர் பாத்தின் 20 நிமிடம் 13.69 விநாடியில் முந்தினார். உத்தராகண்டைச் சேர்ந்த சூரஜ் பன்வார் 20:23.30 நேரத்தில் இரண்டாவதாக வந்தார். இரண்டாம் கட்டத்தில் கதை மாறியது. சூரஜ் 20:35.87 நேரத்தில் முதலாவதாக முடித்தார், பாத்தின் 20:38.17. கோட்டை முதலில் கடந்தவர் சூரஜ். தங்கம் பாத்தினுக்கு. கூட்டிப் பார்த்தால் 40:51.86-க்கு எதிராக 40:59.17. முதல் நாளில் விட்ட பத்து விநாடிக்கும் குறைவான இடைவெளியில் சூரஜ் இரண்டாம் நாளில் மீட்டது இரண்டரை விநாடிகூட இல்லை. பார்வையாளருக்கு இது குழப்பமான முறை என்ற குறை எழுந்தது. ஓட்டப் பந்தயம் பார்க்க வந்தவர், கோட்டில் முதலில் வருபவரே வென்றார் என்று அறியத்தான் வருகிறார். கையில் கணக்கு நோட்டோடு வருவதில்லை. அந்தக் குறை சரியானதே. ஆனாலும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் இருக்கிறது என்று உறுதி தந்த ஒரே முறையும் இதுதான்.

மும்முறை தாண்டுதலில் பிரவீன் சித்திரவேல் முதல் கட்டத்தில் 15.84 மீட்டர், இரண்டாம் கட்டத்தில் 15.68 மீட்டர் தாண்டினார். கூட்டுத்தொகை 31.52. கியூபாவின் அலெஹாந்த்ரோ தியாஸ் இரண்டு நாளும் 17 மீட்டரைத் தாண்டித் தனி உயரத்தில் நின்றார். நைஜீரியாவின் இம்மானுவேல் ஒரிட்செமெயிவா 31.85 மீட்டருடன் வெள்ளி பெற, 33 சென்டிமீட்டர் பின்னால் பிரவீனுக்கு வெண்கலம். இந்தியா அந்த ஆண்டு மூன்று தங்கமும் ஒன்பது வெள்ளியும் வென்றது. வெண்கலம் ஒன்றே ஒன்றுதான்; அது இது.

இலங்கைக்கும் அந்தக் களத்தில் ஒரு பதக்கம் உண்டு. பெண்களுக்கான 2000 மீட்டர் தடைதாண்டும் நெடுஓட்டத்தில் பாரமி வசந்தி மாரிஸ்டெல்லா வெண்கலம் வென்றார். உயரம் தாண்டுதலில் 1.95 மீட்டர் வரை தாண்டித் தங்கம் வென்ற உக்ரைனின் யாரோஸ்லாவா மகுசிக், 2024-ல் 2.10 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்து, அடுத்த மாதமே பாரிஸில் ஒலிம்பிக் தங்கமும் பெற்றார்.

பிரவீன் சித்திரவேல்: பதக்கத்துக்குப் பின்

2001 ஜூன் 5-ல் பிறந்த பிரவீன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவரை ஆரம்பத்தில் வளர்த்தெடுத்த பயிற்சியாளர் இந்திரா சுரேஷ். மும்முறை தாண்டுதல் வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். உடலை அதுபோல வதைக்கும் தாண்டுதல் வேறில்லை. முழு வேகத்தில் ஓடி வந்து, 20 சென்டிமீட்டர் அகலப் பலகையில் காலை ஊன்றி எம்பி, அதே காலில் இறங்கி, அடுத்த காலில் பாய்ந்து, பிறகு மணலில் விழவேண்டும். முதல் இரண்டு இறக்கத்திலும் உடல் எடையின் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. குதிகால், கணுக்கால், முழங்கால், இடுப்பு எல்லாம் அதைத் தாங்க வேண்டும். எலும்பு முற்றாத வயதில் அளவு மீறினால் ஒரு வருடப் பதக்கத்துக்காக ஒரு வாழ்நாள் விளையாட்டே போய்விடும். இளையோர் சாம்பியன்கள் பலர் இருபது வயதில் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பிரவீன் காணாமல் போகவில்லை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுகளில் 16.89 மீட்டருடன் நான்காவது வந்தார். அங்கே தங்கமும் வெள்ளியும் கேரளத்தின் எல்தோஸ் பாலுக்கும் (17.03) அப்துல்லா அபூபக்கருக்கும் (17.02) போயின. 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார். இளையோர் ஒலிம்பிக்கில் தாண்டிய 15.84-லிருந்து ஐந்தாண்டுக்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் முன்னேற்றம். அவர் அந்தச் சாதனையைப் படைத்தது தியாஸின் நாட்டு மண்ணில். கியூபாவின் முன்னாள் வீரர் யோவாந்த்ரி பெத்தான்சோஸ் அப்போது அவருக்குப் பயிற்சி தந்தவர். அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 16.68 மீட்டருடன் வெண்கலம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றார், இறுதிக்குப் போகவில்லை. 2025-ல் தென்கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. இளையோர் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற நான்கு இந்தியத் தடகள வீரர்களில் அந்தப் பதக்கத்துக்குப் பின் மிக நீண்ட தூரம் வந்தவர் இவரே என்று தயங்காமல் சொல்லலாம்.

கேரளம், தமிழகம்

பர்மிங்காமில் முதல் நான்கு இடங்களில் மூன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கத்துப் பையன்களுடையவை. அது தற்செயலன்று. இரண்டு மாநிலங்களிலும் பள்ளி வயதிலேயே பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்றும் ஏற்பாடு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் விதுரையைத் தாண்டி வரும் கல்லாறு போன்ற மலையடி ஊர்களில் நல்ல ஓடுதடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே நெடுமங்காடு வட்டாரத்தில் அருவிக்கரைக்கு அருகே மைலத்தில் அரசின் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. கேரள விளையாட்டுக் கவுன்சிலை 1954-ல் நிறுவிய கோதவர்ம ராஜாவின் பெயரைக் கொண்டது அது. கோழிக்கோடு மாவட்டத்துக் கினாலூரில் பி.டி. உஷா நடத்தும் பள்ளியிலிருந்து வந்த ஜிஸ்னா மேத்யூ, 2015-ல் சமோவாவில் நடந்த காமன்வெல்த் இளையோர் விளையாட்டுகளில் 400 மீட்டரில் வெள்ளி வென்றார். தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் அந்த வேலையைச் செய்கின்றன. 2024 ஜனவரியில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை நகரங்களில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளை நடத்தி, 38 தங்கத்துடன் தமிழகம் இரண்டாமிடம் பிடித்தது.

வயது

இளையோர் தடகளத்தின் தீராத நோய் வயதுப் பொய். பதினாறு வயதுப் பையனோடு பத்தொன்பது வயது இளைஞன் ஓடினால் அது பந்தயமே இல்லை. முன்னே சொன்ன லுகெலின் சாந்தோஸ் 2012 பார்சிலோனா உலக ஜூனியர் போட்டியில் பொய்யான பிறந்த தேதி கொண்ட ஆவணத்தோடு ஓடினார் என்று உறுதியாகி, 2023-ல் தடகள நேர்மைப் பிரிவு அவருக்கு மூன்று ஆண்டுத் தடை விதித்தது. அவருடைய பார்சிலோனா தங்கம் பறிக்கப்பட்டது.

இந்தியாவில் இந்த நோய் பள்ளிப் போட்டியிலேயே தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாது என்பதால், இந்தியத் தடகளச் சம்மேளனம் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையைக் கையாள்கிறது. முதிர்ச்சி ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அந்த முறையும் பிழையற்றதன்று. ஆனால் இதில் உண்மையாகப் பாதிக்கப்படுபவர் யார் என்று பார்க்க வேண்டும். பொய் சொல்லித் தங்கம் வாங்கியவர் பின்னால் பிடிபடலாம், படாமலும் போகலாம். நேர்மையாக ஓடி நான்காவதாக வந்த பிள்ளை, தனக்கு இது வராது என்று நினைத்து அந்த வருடமே ஸ்பைக்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. பிள்ளையின் வயதைக் குறைத்து எழுதச் சொல்லும் பயிற்சியாளரும் பெற்றோரும் பறிப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடத்தை.

டக்கார்

நான்காவது போட்டி 2022-ல் டக்காரில் நடப்பதாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிவைக்கப்பட்டு, 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை என்று தேதி குறிக்கப்பட்டது. ஆப்பிரிக்க மண்ணுக்கு வழங்கப்பட்ட முதல் ஒலிம்பிக் நிகழ்வு இதுதான். டக்கார், டியாம்னியாடியோ, சாலி ஆகிய மூன்று இடங்களில் 25 விளையாட்டுகள், சுமார் 2,700 பேர், ஆண் பெண் சரிபாதி என்பது திட்டம்.

இந்தியாவைப் பொறுத்தவரை இங்கே தீர்க்கப்படாத ஒரு கணக்கு இருக்கிறது. அர்ஜுன், துர்கேஷ் குமார், சூரஜ் பன்வார், பிரவீன் சித்திரவேல் என்று பதக்கம் வென்ற நால்வரும் பையன்கள். பெண்களிடம் திறமை இல்லாமல் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுகளில் தமிழகத்தின் எட்வினா ஜேசன் 400 மீட்டரிலும், ரஞ்சனா யாதவ் 5000 மீட்டர் நடையிலும், சௌர்யா அம்புரே 100 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வென்றார்கள். ஆனாலும் முதல் மூன்று இளையோர் ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியப் பெண் ஒருவர்கூடத் தடகளப் பதக்கம் பெறவில்லை.